சாப்பிட்டது என்று நான் எழுதிய பாம்பு

முதல் பாம்பை எங்கே வாங்குவது என்று என்னிடம் கேட்கிறார்கள். இத்தாலியின் பலேர்மோவில் பாம்புக் கடையில் வேலை செய்த தமிழ்ப் பெண் வேறு யாரும் இல்லாதபடியால் கேள்வி என்னிடம் வருகிறது. சரியான பதிலைச் சொல்ல வேண்டுமானால் பிழையான கடை ஒன்றைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அந்தக் கடையில் பிழை விட்டவர்களில் நானும் ஒருத்தி.

1. பதினொரு பைகள்

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று காலை துறைமுகத்திலிருந்து ஒரு வேனில் பதினொரு துணிப்பைகள் வந்தன. நேப்பிள்ஸ் கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டவை. ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு ஆபிரிக்கப் பைத்தன் மலைப்பாம்பு சுருண்டு கிடந்தது.

கடை வியா மக்வேதா என்ற தெருவிலிருந்து பிரியும் ஒரு ஒழுங்கையில் இருந்தது. முன்னுக்குக் கிளிகள், நடுவில் மீன்கள், பின்னுக்கு ஜன்னல் இல்லாத அறையில் பாம்பும் பல்லியும் ஆமையும். முதலாளியை எல்லோரும் தொத்தோரே என்று கூப்பிட்டார்கள். அவர் டொக்டர் அல்ல. நல்ல கோட்டுப் போட்டவரை இந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

என்னை எடுத்தது துப்புரவு வேலைக்கு. ஆனால் நான் கொழும்பில் ஆய்வுகூடத் தொழில்நுட்பம் படித்து, எலியும் முயலும் வளர்க்கும் ஆய்வுகூடம் ஒன்றில் இரண்டு வருடம் வேலை செய்தவள். அங்கே எடை, வெப்பநிலை, தீனி, கழிவு எல்லாவற்றையும் பதியாமல் ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது. அந்தப் பழக்கத்தில், ஒருவரும் சொல்லாமலே பதினொரு பாம்புக்கும் இலக்கம் போட்டு, எடை பார்த்து, என் கொப்பியில் எழுதினேன். பிறகு இடுக்கியை எடுத்து உண்ணி பிடுங்கத் தொடங்கினேன். ஏழாம் இலக்கத்தில் மட்டும் முப்பத்தொரு உண்ணி. செதிலுக்கு அடியிலும் கண் ஓரத்திலும் மிளகு ஒட்டியது போல இருந்தன. மூக்கு நுனி தேய்ந்து புண்ணாகியிருந்தது. காட்டில் பிடிபட்ட விலங்கு கூட்டுக்குள் முட்டி முட்டித் தேடும்போது வரும் புண் அது.

நான் கை கழுவி வருவதற்குள் தொத்தோரே ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியிலும் லேபல் ஒட்டிவிட்டார். கூட்டில் பிறந்து கூட்டில் வளர்ந்தது என்று அதில் அச்சடித்திருந்தது.

"தொத்தோரே, கூட்டிலை பிறந்ததுக்கு உண்ணி எங்காலை வந்தது?" என்று கேட்டேன். பேச்செல்லாம் இத்தாலியனில்தான் நடந்தது. நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"கப்பல்லை ஏறியிருக்கும்," என்றார்.

முப்பத்தொன்றும் ரிக்கற் எடுத்தா ஏறியது என்று கேட்க வாய் உன்னியது. முதல் நாள் என்று அடக்கிக்கொண்டேன். அடக்குவதற்கு அடுத்தடுத்த நாட்களிலும் எனக்கு நல்ல காரணங்கள் கிடைத்தன.

2. அட்டை

இரண்டாம் கிழமையே பெட்டிக்கு ஒரு அட்டை தொங்கவிட்டேன். மூன்று நிரல்கள்: திகதி, கொடுத்தது, சாப்பிட்டதா. தொத்தோரேக்கு அது பிடித்தது. "கிளினிக் மாதிரிக் கிடக்கு," என்று வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். கிழமைக்கு ஒரு தடவை, முதலே கொன்று உறைய வைத்த எலிக்குஞ்சை இளக்கி, சூடாக்கி, நீண்ட இடுக்கியால் நீட்டுவேன். காட்டில் பிடித்த பைத்தன் மாதக்கணக்கில் தீனியை மறுக்கும். பதினொன்றில் நான்கு சாப்பிட்டன. ஏழாம் இலக்கம் ஒன்பது கிழமையில் ஒரு தடவையும் வாய் திறக்கவில்லை. அதன் அட்டையில் மேலிருந்து கீழாக ஒன்பது 'நோ'.

ஒரு நாள் தொத்தோரே அந்த அட்டையைக் கழற்றி என் முன்னால் வைத்தார்.

"இதை ஆர் வாசிக்கிறது?"

"வாங்க வாற ஆக்கள்."

"ஒன்பது தரம் இல்லை, இல்லை, இல்லை எண்டு வாசிச்ச ஆள் என்ன செய்யும்?"

"வாங்காது."

"உனக்கே விளங்குது. புது அட்டை ஒண்டு எழுது. உன்ரை கையெழுத்து வடிவு."

"அது சாப்பிடேல்லை, தொத்தோரே."

"வீட்டுக்குப் போனாச் சாப்பிடும். இஞ்சை கிளியின்ரை சத்தம் கூட." பெட்டியின் கண்ணாடியைக் கைலேஞ்சியால் துடைத்தார். "உன்ரை பெர்மெஸ்ஸோ எப்ப முடியுது?"

பெர்மெஸ்ஸோ என்றால் இங்கே வாழ அனுமதிக்கும் கடதாசி. அதைப் புதுப்பிக்கக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்துக்குப் போகும்போது, வேலை இருக்கிறது என்று முதலாளி கடிதம் தர வேண்டும். எனக்கு அது முடிய இரண்டு மாதம் இருந்தது. அவருக்கும் அது தெரியும்.

எழுதினேன். ஒன்பதும் 'சீ' என்று, அதாவது சாப்பிட்டது என்று, எழுதினால் நம்பமாட்டார்கள். அதனால் ஆறு 'சீ', இடையிடையே மூன்று 'நோ'. இந்த மூன்றை அவர் சொல்லித் தரவில்லை. ஒரு நம்பத்தக்க பதிவேடு எப்படி இருக்கும் என்று எனக்குப் படிப்பித்திருந்தார்கள். படித்ததை அதற்குத்தான் பயன்படுத்தினேன்.

என் கொப்பியில் சாப்பிடவில்லை என்று போட்ட ஒன்பது புள்ளடி அப்படியே இருந்தது. அதை மாற்றச் சொல்ல அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

3. வாங்க வந்தவர்

சிஞ்ஞோரா அகத்தா, அதாவது அகத்தா அம்மா, ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. நாலாம் மாடி, லிஃப்ட் இல்லை. முழங்கால் நோவோடு நாயைத் தினமும் இறக்கி ஏற்ற முடியாது. பூனை மயிர் பட்டால் தும்மல். தனியே இருக்கும் வீட்டில் அசையும் உயிர் ஒன்று வேண்டும் என்று பாம்பைப் பற்றி நூலகத்தில் வாசித்துவிட்டு வந்திருந்தார். முதல் தடவை வாங்குபவர்களில் இப்படிப் படித்துவிட்டு வருபவர் நூற்றில் ஒருவர். அந்த ஒருவரையும் நாங்கள் ஏமாற்றினோம்.

கூட வந்தவர் பரமேஸ்வரி அக்கா. சிஞ்ஞோராவின் வீட்டிலேயே தங்கி வேலை செய்பவர். சிஞ்ஞோரா பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு போக, அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"பிள்ளை தமிழோ?"

"ஓம் அக்கா. மன்னார்."

"நான் நயினாதீவு. நாகபூசணி அம்மாளின்ரை ஊர். ஊரிலை கோயிலுக்குப் போய்க் கும்பிட்டதை இவ வீட்டுக்கை கொண்டுவரப் போறாவாம். இனி நான் என்ன செய்யிறது பிள்ளை, கும்பிடுறதோ கூட்டுறதோ?"

"ரெண்டையும் செய்யுங்கோ அக்கா," என்றேன். இருவரும் சிரித்தோம்.

சிஞ்ஞோரா ஏழாம் இலக்கத்தின் அட்டையைக் கண்ணாடி போட்டு வாசித்தார். "ஒன்பதிலை ஆறு. இது நல்ல கணக்கோ?"

"வடிவான கணக்கு, சிஞ்ஞோரா," என்றார் தொத்தோரே. "முதல் பாம்புக்கு இதைவிட நல்லது கிடையாது. இவவைக் கேளுங்கோ, இவதான் தீனி குடுக்கிறவ."

சிஞ்ஞோரா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

அந்த அறையில் எனக்குத் தமிழ் தெரியும், அக்காவுக்குத் தமிழ் தெரியும். மற்ற ஒருவருக்கும் தெரியாது. 'இதை வாங்க விடாதேங்கோ' என்று சொல்ல மூன்று விநாடி போதும். பாம்பைப் பைக்குள் போட்டு, பையின் வாயைக் கட்டி, அக்காவின் கையிலேயே கொடுத்தேன்.

4. பால்

ஐந்து கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை, கடை நிறையச் சனம் நிற்கும் நேரம், சிஞ்ஞோரா உள்ளே வந்தார். பின்னால் அக்கா.

பாம்பு ஐந்து கிழமையும் ஒன்றும் சாப்பிடவில்லை. மூன்று தடவை போன் பண்ணியபோதும் பொறுங்கள் என்றுதான் தொத்தோரே சொல்லியிருந்தார். பிறகு ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடற்கரை ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு எட்டு நாள் போய்வந்த சிஞ்ஞோரா பெட்டியைத் திறந்திருக்கிறார். தண்ணீர்க் கோப்பையில் பால். பக்கத்தில் உடைத்து வைத்த முட்டை. பாம்பு வயிற்றால் போய், துணி போலக் கிடந்தது.

கேட்டுக்கொண்டிருந்த தொத்தோரேயின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இதை இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. ஒரு விலங்கு சாகக் கிடக்கிறது என்று கேட்டு, தப்பிவிட்டேன் என்று ஒரு மனிதருக்கு முகம் மலர்ந்தது.

"பாலோ? பாம்புக்குப் பாலோ?" சனத்துக்கும் கேட்கும்படி சொன்னார். "இனி என்னட்டை ஒண்டும் கேக்காதேங்கோ, சிஞ்ஞோரா. பாம்பு என்ரை கடையிலை நல்லாச் சாப்பிட்டது, அட்டை கிடக்கு. சாகடிச்சது உங்கடை வீட்டுத் தமிழ். உவையள் பாம்பைச் சாமி எண்டு கும்பிடுற சனம். தீபம் காட்டேல்லையோ எண்டு கேளுங்கோ."

கிளி வாங்க வந்தவர் ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "என்ரை மாமியாரையும் அப்பிடி ஒராள் கும்பிட்டால் நல்லது," என்றார். கடையே சிரித்தது.

சிஞ்ஞோரா சிரிக்கவில்லை. அக்காவைப் பார்த்து, "தண்ணி மட்டும் எண்டு கடதாசியிலை எழுதி ஒட்டினனான். இந்த மாச முடிவோடை வேறை வீடு பாருங்கோ," என்றார்.

அக்காவுக்கு இத்தாலியன் வாசிக்கத் தெரியாது. ஆனால் வேறு வீடு பார் என்பது விளங்கும். அந்த வீட்டில்தான் வேலை, அந்த வீட்டில்தான் படுக்கை, அந்த சிஞ்ஞோராவின் கடிதத்தை வைத்துத்தான் கொழும்பு லொட்ஜில் காத்திருக்கும் மகளைக் கூப்பிடப் பேப்பர் போட்டிருந்தார். மூன்றும் ஒரு சொல்லில் போயின.

வாசலில் என் கையைப் பிடித்தார்.

"தண்ணிக்குப் பதிலாத்தான் பிள்ளை வைச்சனான். ஒண்டும் தின்னாமல் கிடக்கிற உயிரைப் பாத்துக்கொண்டிருக்க ஏலாமல் கிடந்தது. குடிச்சது, நான் கண்ணாலை கண்டனான். பால் குடுத்தாச் சாகுமோ? உண்மையைச் சொல்லு, நான் சாகடிச்சுப்போட்டனோ?"

வேறு தண்ணீர் இல்லாவிட்டால் தாகத்துக்குப் பாம்பு பாலையும் குடிக்கும். செரிக்காது, வயிறு கெடும். அது பிழைதான். ஆனால் பதினான்கு கிழமைப் பட்டினியை எட்டு நாள் பாலின் தலையில் கட்டுவது அதைவிடப் பெரிய பிழை. அது எனக்கும் தொத்தோரேக்கும் மட்டுமே தெரிந்திருந்தது.

"வீடு எங்கை அக்கா? மத்தியானம் கடை பூட்டினவுடனை வாறன்," என்றேன்.

5. தராசு

கொப்பியை எடுத்துக்கொண்டு நாலு மாடி ஏறினேன். கதவைத் திறந்த சிஞ்ஞோராவிடம், "தராசு இருக்குதோ?" என்றுதான் முதலில் கேட்டேன். வேறு எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

சமையலறைத் தராசில் பாம்பைத் தலையணை உறைக்குள் போட்டு நிறுத்தேன்.

"உறையின்ரை நிறையைக் கழிச்சீங்களோ?" என்றார் சிஞ்ஞோரா.

"கழிச்சாச்சு. ஐந்நூற்றுப் பதினைஞ்சு கிராம்."

கொப்பியைத் திறந்து வைத்தேன். எழுத்துத் தமிழ், எண்கள் எல்லோருக்கும் பொது. வந்த அன்று 612. விற்ற அன்று 538. இன்று 515. பக்கத்தில் ஒன்பது புள்ளடி.

விளங்கப்படுத்தத் தேவைப்படவில்லை. அவர் விரலை ஓடவிட்டார். "கடையிலை ஒன்பது கிழமையிலை எழுபத்தி நாலு போயிருக்கு. என்ரை வீட்டிலை அஞ்சு கிழமையிலை இருபத்தி மூண்டு. பால் எத்தினை நாள்?"

"எட்டு."

"அப்ப பாலுக்கு முந்தியே இது செத்துக்கொண்டிருந்தது." கண்ணாடியைக் கழற்றினார். "நான் வாசிச்ச அட்டையை ஆர் எழுதினது?"

"நான்."

"முப்பத்தி நாலு வருசம் படிப்பிச்சனான். பாத்தெழுதின பிள்ளையளைக் கண்டிருக்கிறன். விடை தெரிஞ்சு கொண்டே பிழையா எழுதின ஒராளை இண்டைக்குத்தான் காணுறன்."

சுவரோரம் நின்ற அக்காவுக்கு நடந்ததை எல்லாம் தமிழில் சொன்னேன். ஒன்பது புள்ளடி, ஆறு 'சீ', முதலாளி கேட்ட கேள்வி, என் பெர்மெஸ்ஸோ.

"அப்ப நான் கொல்லேல்லை."

"இல்லை அக்கா."

"உனக்கு அண்டைக்கே தெரியும்."

"ஓம்."

"பகிடி விட நேரம் இருந்தது. ரெண்டையும் செய்யுங்கோ எண்டு சிரிச்சனீ. அதே வாயாலை இதையும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை. அதுகும் தமிழிலை. ஆருக்கு விளங்கப் போகுது?"

சிஞ்ஞோரா சொன்னதை விட இது எனக்குச் சுட்டது. பெர்மெஸ்ஸோவை இதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது. தமிழில் சொல்லியிருந்தால் தொத்தோரேக்குத் தெரிந்தே இருக்காது. பயம் பழக்கமானால், பயப்படத் தேவையில்லாத இடத்திலும் வாய் பூட்டிக்கொள்கிறது.

சிஞ்ஞோரா அக்காவின் பக்கம் திரும்பி, வேறு வீடு பார்க்க வேண்டாம், இருங்கள் என்றார். மன்னியுங்கள் என்றும் சொன்னார். நான் மொழிபெயர்க்கும் முன்பே அக்காவுக்கு விளங்கிவிட்டது.

"இருக்கிறன் எண்டு சொல்லு," என்றார் அக்கா. "ஆனா வெளிக்கிடு எண்டு சொன்னது நாலு பேருக்கு முன்னாலை. இரு எண்டு சொல்லுறது அடுப்படிக்கையோ? அந்தக் கடையிலை, அந்தச் சனத்துக்கு முன்னாலை வந்து சொல்லட்டும். பால் வைச்சது நான்தான், ஒத்துக்கொள்ளுறன். சாகடிச்சது ஆரெண்டும் சொல்லட்டும்."

மொழிபெயர்த்தேன். சிஞ்ஞோரா கைப்பையை எடுத்தார். முழங்கால் நோவோடு அன்று இரண்டாம் தடவையாக நாலு மாடி இறங்கினார்.

6. நாலு மணி

கடை நாலு மணிக்குத் திறக்கும். காலை சிரித்தவர்களில் ஒருவர் கிளிக்குக் கூடு வாங்கத் திரும்பி வந்திருந்தார். சிஞ்ஞோரா என் கொப்பியைக் கையில் பிடித்து, வகுப்பில் பேசும் குரலில் மூன்று எண்களையும் வாசித்தார். பிறகு, "இந்தப் பெண் கொல்லேல்லை. பட்டினி கிடந்த உயிருக்கு இந்த ஊரிலை ஏதாவது குடுக்கப் பாத்தது இவ ஒராள்தான். காலமை நான் சொன்னது பிழை," என்றார்.

கூடு வாங்க வந்தவர் கூட்டைத் திரும்ப வைத்துவிட்டு வெளியே போனார்.

தொத்தோரே அக்காவைப் பார்க்கவில்லை, சிஞ்ஞோராவையும் பார்க்கவில்லை. என்னிடம், "உனக்குச் சோறு போட்டது இந்தக் கடை. ஏப்ரனைக் கழட்டு," என்றார்.

"அட்டை எழுத இனி ஆரைப் பிடிக்கப் போறீங்கள்?" என்றேன். அந்த இடத்தில் நான் சத்தமாகச் சொன்ன முதல் நேர்மையான சொல் அதுதான். சொல்ல மூன்றரை மாதம் எடுத்திருந்தது.

கடிதம் கிடைக்கவில்லை. பெர்மெஸ்ஸோ இழுபட்டது. அதற்கிடையில் ஐந்து வீடுகளில் மணித்தியாலக் கணக்கில் கூட்டித் துடைத்தேன். அந்தக் கடிதத்துக்குப் பயந்து பொய் எழுதினேன், கடைசியில் பொய்யும் நிலைக்கவில்லை, கடிதமும் வரவில்லை. இப்போது வேலை செய்யும் மிருக வைத்தியசாலையின் ஆய்வுகூடம் வெகு நாள் கழித்துத்தான் கிடைத்தது. அந்தக் கடை இன்றைக்கும் திறந்திருக்கிறது. பெட்டிகளில் அதே லேபல்.

ஏழாம் இலக்கம் அந்தச் சனிக்கிழமையிலிருந்து பதினோராம் நாள் செத்தது.

7. கேட்காமல் வந்த பதில்

சில மாதம் கழித்து சிஞ்ஞோரா மறுபடி பாம்பு வாங்க வேண்டும் என்றார். இந்தத் தடவை என்னையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போனார். அவருடைய தங்கையின் தெருவில், மீன் உணவகம் ஒன்றில் சமைக்கும் ஒரு மனிதர் வீட்டின் பின்னறையில் சோளப்பாம்பு வளர்க்கிறார். அமெரிக்க இனம், விஷமில்லாதது, சாதுவானது, முதல் தடவை வளர்ப்பவருக்குப் பொருத்தமானது. நான் ஒரு பட்டியலோடு போனேன். இதே பட்டியலைத்தான் கேட்பவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிறேன்:

தாய்ப் பாம்பைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவர் அதை எங்கிருந்தோ பிடித்தவர் அல்லது பிடித்தவரிடம் வாங்கியவர்.

செதிலுக்கடியிலும் கண்ணோரத்திலும் உண்ணி பாருங்கள். மூக்கு நுனியைப் பாருங்கள்.

உங்கள் கண் முன்னால் சாப்பிட வேண்டும். அட்டையை நம்பாதீர்கள், யார் எழுதினாலும்.

வீட்டில் வேறு யார் அதைப் பார்த்துக்கொள்வார்களோ அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். என்ன கொடுக்கலாம், என்ன கூடாது என்பதை அவருக்கு விளங்கும் மொழியில் சொல்ல வையுங்கள்.

அந்த மனிதர் தாயைக் காட்டினார். குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கையில் தந்தார். ஏப்ரனில் மீன் வாசம். சிஞ்ஞோரா பட்டியலில் ஒவ்வொன்றாகச் சரி போட்டுக்கொண்டு வந்தார். அக்கா எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு செம்மஞ்சள் குஞ்சின் முன்னால் குந்திவிட்டார்.

"இது வடிவாக் கிடக்கு பிள்ளை. இதைக் கேள்."

நான் வாய் திறக்க முதலே அந்த மனிதர் தலையை ஆட்டினார்.

"அதை இண்டைக்குத் தரமாட்டன். போன கிழமை குடுத்ததைச் சாப்பிடேல்லை. தோல் கழட்டப் போகுதாக்கும், வேறை ஏதுமோ தெரியேல்லை. வியாழக்கிழமை வாங்கோ. உங்களுக்கு முன்னாலை ரெண்டு தரம் சாப்பிட்டாக் கொண்டு போங்கோ. இல்லாட்டி நான் தரவே மாட்டன்."

அதற்குள் அக்காவுக்கு அவ்வளவு இத்தாலியன் வந்திருந்தது. ஆனாலும் என்னைப் பார்த்தார்.

"சாப்பிடேல்லை எண்டே சொல்லுறான்?"

"ஓம் அக்கா."

"நாங்கள் கேட்டனாங்களோ?"

"இல்லை."

அக்கா எழும்பிச் சேலையைத் தட்டினார். "அப்ப இவனட்டைத்தான் வாங்கவேணும். வியாழக்கிழமை வாறம் எண்டு சொல்லு."

முதல் பாம்பை எங்கே வாங்குவது என்ற கேள்விக்கு, பட்டியலை எழுதிக் கொடுத்த பிறகு, அக்காவின் பதிலையும் சேர்த்துச் சொல்கிறேன்: நீங்கள் கேட்காமலே குறையைச் சொல்லும் ஆளிடம் வாங்குங்கள். நீங்கள் கேட்டும் என்னைப் போலத் தலையாட்டும் ஒருத்தி நிற்கிற கடையில் வாங்காதீர்கள்.